‘சும்னே சைன் மாடி’ என்கிறார் மேனேஜர், மனசு ஒப்பவில்லை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பெங்களூரில் பொம்மனஹள்ளி, அல்சூர், லிங்கராஜபுரம், விவேக்நகர் என்று எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், வேலையும் வேறு வேறு, ஆனால் கேட்பது ஒன்றுதான். மேலே இருப்பவர் ஒன்று சொல்கிறார், ஆண்டவருக்கு முன்னால் மனசாட்சி இன்னொன்று சொல்கிறது, நான் யார் பேச்சைக் கேட்பது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர்களை நானே எடுத்துவிட்டேன். யாருடைய வேலைக்கும் என்னால் ஆபத்து வரக்கூடாது.

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் எச்.ஆர். உதவியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரப்போகிறது. போன மாதம் ஷிப்மென்ட் அவசரத்துக்காக ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஓடியது, ராத்திரி ஒன்பது வரை ஓ.டி. (ஓவர்டைம்) நடந்தது. இப்போது அதெல்லாம் நடக்கவே இல்லை என்பதுபோல் புதிதாக ஒரு அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர் எழுதி, சரிபார்த்தவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேனேஜர். தயங்கினேன். “சும்னே சைன் மாடி (சும்மா கையெழுத்துப் போடுங்கள்), எல்லாக் கம்பெனியிலும் இதுதான் நடக்குது” என்றார். எங்கள் பாஸ்டரிடம் கேட்டால் ரோமர் 13ஐக் காட்டி, “மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படி தம்பி, பாவம் அவர் தலையில்” என்கிறார். வீட்டு லோன் இருக்கிறது. என்ன செய்வது? — ஒரு வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள். சுற்றி வளைக்காமல் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தையும் வழியையும் அப்புறம் பேசலாம்.

உங்கள் பாஸ்டர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ரோமர் 13 இந்த விஷயத்தில் அவர் சொல்வதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. ‘எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்’ என்று பவுல் எழுதியது உங்களுக்கு மட்டுமா, உங்கள் மேனேஜருக்கு இல்லையா? வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்று இந்த நாட்டின் தொழிற்சாலைச் சட்டம் 1948லேயே எழுதிவைத்தது. அந்த அதிகாரத்தை மீறிக்கொண்டிருப்பவர் அவர். நீங்கள் போட மறுத்தால் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறவர் ஆகிறீர்கள். அதே ரோமர் 13இன் ஐந்தாம் வசனத்தில் ‘மனச்சாட்சியினிமித்தமும்’ கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் சேர்த்து எழுதியிருப்பதை நம் பிரசங்கங்களில் ஏனோ வேகமாகத் தாண்டிப்போய்விடுகிறோம்.

‘பாவம் அவர் தலையில்’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தை எடுத்து முழுசாகப் படியுங்கள். ‘மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது’ என்ற 29ஆம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவது அனனியா சப்பீராளோடு. நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவிட்டு மொத்தமும் இதுதான் என்று கொண்டுவந்தவர்கள், அதாவது கணக்கில் பொய் சொன்னவர்கள். புருஷன் செத்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துச் சப்பீராள் வருகிறாள். பேதுரு அவளிடம் தனியாக, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கிறார், நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று. ‘வீட்டுக்காரர் சொன்னார், நான் தலையாட்டினேன்’ என்று அவள் தப்பித்துக்கொள்ள அங்கே வழி இல்லை, ஏனென்றால் கேள்வி அவளிடம் அவளுக்காகவே கேட்கப்பட்டது. அவள் தன் வாயால் பதில் சொன்னாள். உங்களுக்கும் அப்படித்தான். ரிஜிஸ்டரை எழுதச் சொன்னது மேனேஜராக இருக்கலாம், கையெழுத்து உங்களுடையது.

இன்னொன்று. அந்தப் பேப்பரில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். தேதிக்கட்டங்களின் வரிசையில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ‘டபிள்யூ.ஓ.’ என்று வாராந்திர விடுமுறை போட்டிருப்பார்கள். அந்தக் கட்டம் ஒரு பெண்ணுடையது. அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு எழுந்து பிள்ளைக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகாமல் வந்து, டார்கெட் முடியும்வரை மெஷினில் குனிந்து தைத்தவள். நாளைக்கு அவள் இரட்டிப்புக் கூலி கேட்டு எங்காவது முறையிட்டால் அவள் பொய் சொல்கிறாள் என்பதற்கு அத்தாட்சி உங்கள் கையெழுத்துத்தான். ‘உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய் உங்களால் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது’ என்று யாக்கோபு எழுதியது இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் என்று நான் நம்புகிறேன்.

சரி, எப்படி மறுப்பது? இதில்தான் நம் ஆட்கள் அதிகம் சொதப்புகிறோம். ஒன்று, பயந்து போட்டுவிட்டு ராத்திரி அழுவது. இல்லையென்றால் மேனேஜர் மேஜையைத் தட்டி நரகத்தைப் பற்றிப் பேசுவது. தானியேல் இரண்டையும் செய்யவில்லை. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக்கூடாது என்று முதலில் தன் இருதயத்தில் தீர்மானம் பண்ணிக்கொண்டான், அப்புறம் பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டான் என்றுதான் வசனம் இருக்கிறது. அந்த அதிகாரியோ, ‘ராஜா என் தலையை எடுத்துவிடுவாரே’ என்று பயந்தார். அவருடைய பயத்தையும் தானியேல் மதித்தான். பத்து நாள் எங்களுக்குப் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று ஒரு வழியைக் காட்டினான். பாபிலோனிய மொழியைப் படிக்க அவன் மறுக்கவில்லை, பாபிலோனியப் பெயரை மறுக்கவில்லை, அரசாங்க வேலையை மறுக்கவில்லை. கூடாது என்று பட்ட அந்த ஒன்றை மட்டும் மறுத்தான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். “சார், நிஜமாக நடந்த நேரத்தைக் காட்டுகிற ரிஜிஸ்டரில் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், ஆடிட் வேலை மற்றதெல்லாம் ராத்திரி உட்கார்ந்தாவது முடித்துத் தருகிறேன், இதில் மட்டும் என்னால் முடியாது” என்று தனியாக, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள். அடுத்த ஷிப்மென்டுக்கு ஓ.டி.யை எப்படிச் சட்டப்படி காட்டலாம் என்று ஒரு யோசனையும் கொண்டுபோங்கள். பேசி முடித்ததும் அதையே மரியாதையாக நாலு வரியில் மெயிலில் எழுதிவிடுங்கள். ஆடிட் அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போடாதீர்கள், அதுவும் ஒரு பொய். கம்பெனி ஃபைல்களைத் திருடிக்கொண்டு போகாதீர்கள். ஆடிட்டர் உங்களிடம் நேராகக் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள்.

வேலை போகலாம். போகாது என்று நான் உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்க முடியாது. பொற்சிலையை வணங்க மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. ‘விடுவிக்காமற்போனாலும்’ என்று அடுத்த வார்த்தை இருக்கிறது. அந்த வார்த்தையை வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து படியுங்கள், லோன் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயோடேட்டாவை இந்த வாரமே நாலு இடத்துக்கு அனுப்பிவையுங்கள். விசுவாசத்துக்கும் வேறு வேலை தேடுவதற்கும் விரோதம் ஒன்றும் இல்லை.

கேள்வி: என் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். கோவில் சடங்கில் உள்ளே போக மறுத்த கிறிஸ்தவ அதிகாரியை வேலையை விட்டு நீக்கியது சரி என்று கோர்ட் சொல்லிவிட்டதாமே? என் மகன் நாளைக்கு என்ன செய்வான் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. — ஒரு தாய், அல்சூர்

பதில்: அம்மா, மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவப் பிரிவு இருக்கும் அல்சூரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. தலைமுறை தலைமுறையாய்ப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளைக் கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் இடம்.

நீங்கள் சொல்லும் வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அதிகாரி 2017ல் சேர்ந்தவர். அவருடைய படைப்பிரிவில் கோவிலும் குருத்வாராவும் இருந்தன. வாராந்திர மத அணிவகுப்புக்கு வீரர்களோடு போவார், வெளி முற்றத்தில் மரியாதையாக நிற்பார், கருவறைக்குள் போய்ச் சடங்கில் கலந்துகொள்வதிலிருந்து மட்டும் விலக்குக் கேட்டார். மேலதிகாரிகள் பலமுறை பேசிப் பார்த்தார்கள். 2021ல் நீக்கப்பட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் நீக்கம் செல்லும் என்றது, அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு எல்லோருக்கும் மனசாட்சி சுதந்திரம் தருகிறது, ஆனால் 33ஆவது பிரிவு ராணுவத்தில் இருப்பவர்களுக்கு அடிப்படை உரிமைகளைக் குறைக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

இதோடு 1986ல் வந்த பிஜோ இம்மானுவேல் வழக்கையும் வைத்துப் பாருங்கள். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மட்டும் மாட்டார்கள். பள்ளியை விட்டு நீக்கினார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அந்தப் பிள்ளைகளின் கொள்கையோடு எனக்கு ஒப்புதல் இல்லை, நான் கீதம் பாடுகிறவன். ஆனால் பாடாமல் நிற்பவனையும் இந்த நாடு தாங்கும் என்று சொன்ன அந்தத் தீர்ப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கிடைத்த அந்த இடம் பட்டாளத்தில் கிடைக்கவில்லை என்பதுதான் இப்போது நம் முன்னால் இருக்கும் நிஜம்.

வேதம் என்ன சொல்கிறது? நாகமான் என்ற படைத்தலைவன், குஷ்டம் நீங்கிக் கர்த்தரை நம்பிய பிறகு, எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான். என் ராஜா ரிம்மோன் கோவிலுக்குள் போகும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், அப்போது நானும் குனியவேண்டி வரும், இதைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக. எலிசா அவனை அதட்டவில்லை. ‘சமாதானத்தோடே போ’ என்றார். இதே வேதத்தில்தான் பொற்சிலைக்கு முன் குனிய மறுத்த மூன்று வாலிபரும் இருக்கிறார்கள். நாகமான் தன் ராஜாவைத் தாங்கிப் பிடிக்கிற வேலையில் குனிந்தான், தொழவில்லை. அந்த வாலிபரிடம் கேட்கப்பட்டதோ தொழுகையேதான். எது எது என்று அந்த இடத்தில் நிற்பவன்தான் அறிவான். அந்த இடத்தில் நிற்காத நாம், உள்ளே போன கிறிஸ்தவ வீரனைத் துரோகி என்றும் சொல்லக்கூடாது, போக முடியாமல் வேலையை இழந்தவரைப் பிடிவாதக்காரர் என்றும் சொல்லக்கூடாது. ‘மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்’ என்று ரோமர் 14 கேட்கிறது.

உங்கள் மகனிடம் இதைப் பேசுங்கள். உத்தரவு வருகிற நிமிஷத்தில் யோசிக்க ஆரம்பித்தால் பயம்தான் முடிவெடுக்கும். தன் எல்லை எது என்று இப்போதே தெரிந்துவைத்திருப்பவன், அது நெருங்குவதற்கு முன்பே மேலதிகாரியிடம் தனியாகச் சொல்ல முடியும், வேண்டுமானால் இடமாற்றம் கேட்க முடியும்.

கேள்வி: எபிரெய மருத்துவச்சிகள் பார்வோனிடம் பொய் சொன்னார்கள், தேவன் அவர்களை ஆசீர்வதித்தார். அப்படியென்றால் அநியாய வரி போடும் அரசாங்கத்திடம் வாடகை வருமானத்தை மறைப்பதும் தப்பில்லைதானே? — ஒரு வாசகர், கம்மனஹள்ளி

பதில்: தப்புத்தான். அந்த மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் பச்சைக் குழந்தைகளைக் கொல்லாமல் காப்பாற்றத் தங்கள் தலையைப் பணயம் வைத்தார்கள். நீங்கள் காப்பாற்ற நினைப்பது பணத்தை. ‘இராயனுடையதை இராயனுக்கு’ என்று ஆண்டவர் சொன்னபோது நாற்காலியில் இருந்தவர் ஒன்றும் நீதிமான் இல்லை. வரியைக் கட்டிவிட்டு, அது அநியாயம் என்று பட்டால் எழுதுங்கள், வழக்குப் போடுங்கள், ஓட்டுப் போடுங்கள்.

கேள்வி: டூ வீலர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை அன்று ஓனர் என்னையும் டூல்ஸுக்குக் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைக்கச் சொல்கிறார். பயந்துகொண்டு அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறேன். ஊழியக்காரர் ஒருவர் வேலையையே விடு என்கிறார். — ஒரு வாசகர், லிங்கராஜபுரம்

பதில்: வேலையை விடவேண்டாம். லீவும் போடவேண்டாம். முந்தின நாள் எல்லோருக்கும் முன்னால் போய்க் கடையைக் கழுவிவிடுங்கள், ஸ்பேனர்களை டீசலில் துடைத்து வரிசையாக அடுக்குங்கள், கஸ்டமர் வண்டிகளுக்கு மாலை கட்ட ஏணி பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். ஓனர் போனஸும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உழைப்புக்கு அவர் செய்யும் மரியாதை. பூஜையை மட்டும், “அண்ணா, இது எங்க நம்பிக்கையில் இல்லை, நான் கும்பிட்டால் அது பொய்யா இருக்கும், உங்களுக்கே அது வேண்டாம்” என்று ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பூஜை நேரத்தில் சொன்னால் நாலு பேர் முன்னால் அவரை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

படைத்ததைச் சாப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1 கொரிந்தியர் 8ஐயும் 10ஐயும் படியுங்கள். கடையில் விற்கிறதை விசாரிக்காமல் வாங்கிப் புசியுங்கள் என்கிற அதே பவுல், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் அவனுடைய மனசாட்சிக்காகப் புசியாதேயுங்கள் என்கிறார். நான் கடலைப்பொரியை அன்போடு கொடுத்தால் மறுப்பதில்லை. மறுக்கிற சகோதரர்களையும் குறை சொல்வதில்லை.

அவர்கள் கும்பிடுவதைக் கிண்டல் செய்து மட்டும் பேசிவிடாதீர்கள். உங்கள் மனசாட்சிக்கு மரியாதை கேட்கிற நீங்கள் அவர்களுடையதை மிதிக்கக்கூடாது. அப்புறம், உடைத்த பூசணிக்காய் ரோட்டில் சிதறிக் கிடந்து எத்தனை வண்டிகள் வழுக்கி விழுகின்றன என்று மெக்கானிக்கான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விளக்குமாறை எடுத்துப் பெருக்கிவிடுங்கள். அதில் எந்த மனசாட்சிக்கும் தடை இல்லை.

கேள்வி: என் கணவர் ஒரு பில்டரிடம் சைட் என்ஜினியர். கான்கிரீட் டெஸ்ட் ரிப்போர்ட்டில் பொய்க் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம், மனசாட்சி என்று ராஜினாமா செய்துவிட்டு வந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததே ஒரு மாதம் கழித்து. சபையில் எல்லோரும் அவரைப் பாராட்டுகிறார்கள். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு என் வளையலை அடகு வைத்தது நான். எனக்குக் கோபம் வருவது பாவமா? — ஒரு சகோதரி, விவேக்நகர்

பதில்: பாவம் இல்லை அம்மா. உங்கள் கணவர் கையெழுத்துப் போடாதது நூறு சதவீதம் சரி. அந்தக் கட்டடத்தில் நாளைக்குக் குடியேறப்போகிற குடும்பங்களுக்கு அவர் செய்தது பெரிய காரியம். உங்களிடம் மறைத்தது தப்பு, அதையும் அவ்வளவு நேராகவே சொல்கிறேன். மனசாட்சிக்குக் கீழ்ப்படிகிறவன் அதற்கான விலையைத் தானே கொடுக்கத் தயாராக இருக்கவேண்டும். குடும்பஸ்தன் என்றால் அந்த விலையில் பாதி மனைவியின் கையிலிருந்துதான் போகும். அவளைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

உங்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சின்னக் கிராமம், அங்கே ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டாட்டர் என்று ஒரு விவசாயி, சர்ச்சில் உபதேசியார் மாதிரிக் கோவில் வேலையும் பார்த்தவர். ஹிட்லரின் படையில் சேர்ந்து போரிட மாட்டேன் என்றார். பங்குச் சாமியார்கள் சொல்லிப் பார்த்தார்கள், லின்ஸ் ஆயரும் குடும்பத்தை நினைத்துப் பார் என்றே புத்தி சொன்னார். மூன்று சின்னப் பெண்பிள்ளைகள். மனைவி ஃப்ரான்ஸிஸ்காவும் முதலில் தடுத்துத்தான் பார்த்தார். ஆனால் அவர் எதையும் மனைவியிடம் மறைக்கவில்லை, வருடக்கணக்கில் இருவரும் சேர்ந்தே ஜெபித்து, படித்து, பேசினார்கள். கடைசியில் ஊரே எதிர்த்து நின்றபோது அவர் பக்கம் நின்ற ஒரே ஆள் ஃப்ரான்ஸிஸ்கா. 1943 ஆகஸ்ட் 9ஆம் தேதி அவர் தலையை வெட்டினார்கள். போருக்குப் பிறகும் அந்த அம்மாவுக்கு நிம்மதி இல்லை. போர் விதவைகளுக்கான பென்ஷனைப் பல வருடங்கள் தரவில்லை, ஊர்க்காரர்களின் பேச்சு வேறு. தன் கையால் நிலத்தில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். 2007ல் கத்தோலிக்கத் திருச்சபை அவருடைய கணவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தபோது அந்த வழிபாட்டில் அவரும் இருந்தார். நூறு வயது வாழ்ந்து 2013ல் இறந்தார்.

கணவருக்குப் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தில் ஃப்ரான்ஸிஸ்காவுக்குப் பாதிக்கு மேல் உரிமை இருக்கிறது என்பேன். நம் ஆரல்வாய்மொழியில் விசுவாசத்துக்காக 1752ல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தைப் பற்றிப் பேசும்போதும் அப்படித்தான், சங்கிலியோடு அவர் பட்ட பாட்டைச் சொல்கிறோம், அவர் மனைவி ஞானப்பூ அம்மாளைப் பற்றி ஒரு வரி சொல்வதில்லை.

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இனி இப்படிப்பட்ட முடிவு எதையும் இருவரும் சேர்ந்து எடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். அவரைப் பாராட்டுகிற சபையாருக்கு ஒரு வார்த்தை: பாராட்டியது போதும், அந்த வளையலை மீட்டுக் கொடுங்கள். நியாயத்துக்காக வேலை இழந்தவனுக்கு ஆறு மாதம் வீட்டு வாடகை கட்ட முடியாத சபை, மற்றவர்களிடம் துணிந்து நில் என்று பிரசங்கம் செய்யக்கூடாது.

கேள்வி: அதிகாரத்தில் இருப்பவர்களை எதிர்த்துப் பேசுவது கிறிஸ்தவனுக்கு அழகா? ஜெபித்தால் போதாதா? — ஒரு கல்லூரி மாணவி, ஃப்ரேசர் டவுன்

பதில்: பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். நடு ராத்திரியில் அவர்கள் ஜெபம் பண்ணிப் பாடினார்கள், அது எல்லோருக்கும் தெரியும். விடிந்ததும் அதிகாரிகள் சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று ஆள் அனுப்பினபோது, ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் அடித்தார்களே, அந்த அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும் என்று பவுல் சொன்னதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஜெபித்த அதே வாயால்தான் கேட்டார்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பென்சன் டவுனில் உள்ள இந்தியன் சோஷியல் இன்ஸ்டிட்யூட்டை 1975 முதல் 1986 வரை நடத்தியவர் ஸ்டான் சுவாமி என்ற இயேசு சபைப் பாதிரியார். திருச்சி மாவட்டத்துக்காரர். அப்புறம் ஜார்கண்டுக்குப் போய் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகவும், விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காகவும் வேலை செய்தார். 2020 அக்டோபரில் தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார், குற்றச்சாட்டுகளை மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் கப் ஒன்றுக்காகக் கோர்ட்டில் மனுப் போடவேண்டியிருந்தது. வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, 2021 ஜூலை 5 அன்று, 84ஆவது வயதில் மும்பையில் ஜாமீனுக்குக் காத்திருக்கும்போதே இறந்துபோனார். அவருடைய அரசியலோடு உங்களுக்கு ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். ஜெபம் மட்டும் போதுமா என்று கேட்டீர்களே, அவர் தினமும் ஜெபித்தவர்தான்.

கேள்வி: சபைக் கமிட்டியில் மெம்பராக இருக்கிறேன். கட்டட நிதிக் கணக்கில் பில் இல்லாத செலவுகள் இருக்கின்றன. கேட்டால் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று வசனம் சொல்லி, கணக்கை ஒருமனதாக ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். இது உலக அதிகாரம் இல்லையே, தேவனுடைய வீட்டு அதிகாரம் ஆயிற்றே, இதற்காவது கீழ்ப்படியவேண்டாமா? — ஒரு மூப்பர், பெங்களூரு கிழக்கு

பதில்: ஐயா, கணக்குப் புத்தகம் சபை மேஜையில் இருந்தாலும் கணக்குப் புத்தகம்தான். தாவீது சவுலைத் தொட மறுத்தது கத்தியால் குத்த மறுத்தது. பில் எங்கே என்று கேட்பதை வேதம் எந்த இடத்திலும் தடுக்கவில்லை. எருசலேம் சபைக்குக் காணிக்கை கொண்டுபோனபோது பவுல் தன்னோடு மற்றவர்களையும் அனுப்பச் சொன்னார், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8ல் காரணத்தையும் எழுதிவைத்தார்.

மனசாட்சியை நெருக்கும் அதிகாரம் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கைச் சிறையில் போட்டது யார்? தஞ்சாவூர் ராஜா இல்லை. டென்மார்க் ராஜா அனுப்பிய மிஷனரியை, அதே ராஜாவின் கொடியின் கீழ் இருந்த டேனிஷ் கோட்டைத் தளபதி ஹாசியஸ்தான் 1708ல் பிடித்து அடைத்தார், ஏறக்குறைய நான்கு மாதம். என்ன குற்றம்? நாவிதர் ஒருவரின் விதவைக்குக் கடன் வழக்கில் அநியாயம் நடக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். ஒரு ஏழைத் தமிழ் விதவைக்காகப் பேசியதற்குக் கிறிஸ்தவ அதிகாரமே ஒரு மிஷனரியை அடைத்தது. வெளியே வந்த பிறகு அவர் தரங்கம்பாடியை விட்டு ஓடவில்லை, அந்தத் தளபதி இருந்த அதே ஊரில்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார்.

நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். முதலில் பொருளாளரைத் தனியாகப் பாருங்கள், அவரிடம் உண்மையிலேயே விளக்கம் இருக்கலாம், மத்தேயு 18 சொல்கிற வரிசை அதுதான். விளக்கம் வராவிட்டால் கமிட்டிக் கூட்டத்தில், குரலை உயர்த்தாமல், பில் வரும்வரை இந்தத் தலைப்பில் உள்ள செலவை என்னால் ஏற்க முடியாது என்று சொல்லி, அதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். ‘ஒருமனதாக’ என்ற வார்த்தை இருந்தால் அதை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்தில் பேசியதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஊரைக் கூட்டாதீர்கள், கோபத்தில் பத்துக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் புதுச் சபையும் ஆரம்பிக்காதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே சபைக்கு, குடும்பத்தோடு, வழக்கமான நேரத்துக்குப் போங்கள். பொருளாளர் எதிரில் வந்தால் நீங்களே முதலில் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.